பாதரசச் சொட்டில் தாமிரத்தைப் படித்த பேராசிரியர்: யார் இந்த ஹெய்ரோவ்ஸ்கி?

கறுத்துப்போன செம்புச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்துப் பார்த்திருப்பீர்கள். ரெண்டே நிமிஷத்தில் பளபளவென்று ஆகிவிடும். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் அந்தக் கறுப்புப் படலத்தைக் கரைக்கிறது. அதிலிருந்து வெளியே வரும் தாமிர அயனிகளைப் பிடித்துத் தன்னோடு வைத்துக்கொள்கிறது. கழுவிக் கொட்டிய தண்ணீரில் தாமிரம் இருக்கிறது; ஆனால் தனியாக இல்லை, ஒரு கரிம மூலக்கூறின் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது.

தனியாக இருந்தால் என்ன, கை கோத்து இருந்தால் என்ன, தாமிரம் தாமிரம்தானே? இல்லை. ஏரியில் இருக்கும் பாசிக்கு இது உயிர்ப் பிரச்னை. தண்ணீரில் தனியாகத் திரியும் தாமிர அயனி பாசியைக் கொல்லும். அதே அளவு தாமிரம் கரிம மூலக்கூறுகளின் பிடியில் இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆக, தண்ணீரில் எவ்வளவு தாமிரம் இருக்கிறது என்ற கணக்கு மட்டும் போதாது. அது யாரோடு இருக்கிறது என்றும் தெரிய வேண்டும்.

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத இந்த விஷயத்தைக் கோடு கோடாக வரைந்து காட்டலாம் என்று நிரூபித்தவர் ஒரு செக் பேராசிரியர். பெயர் யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி. 1959-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர். வேதியியல் மாணவர்களுக்கு அவர் பெயர் பாடப் புத்தகத்தில் ஒரு வரி. பிளஸ் டூ லேபோடு கெமிஸ்ட்ரிக்கு டாட்டா காட்டிய என்னைப் போன்றவர்களுக்கு அதுவும் கிடையாது. ஆனால் அவர் கதை ஒரு வரியில் முடிகிற கதை இல்லை.

சட்டப் பேராசிரியர் வீட்டுப் பையன்

1890 டிசம்பர் 20 அன்று ப்ராக் நகரில் பிறந்தார் ஹெய்ரோவ்ஸ்கி. அப்போது செக்கோஸ்லோவாகியா என்று ஒரு நாடே கிடையாது. ப்ராக் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் ஒரு நகரம். அப்பா லியோபோல்ட், பல்கலைக்கழகத்தில் ரோமானியச் சட்டம் நடத்திய பேராசிரியர். வீட்டில் ஐந்தாவது பிள்ளை யாரோஸ்லாவ்.

ப்ராகில் வேதியியல், இயற்பியல், கணிதம் மூன்றையும் ஒரு வருஷம் படித்த பையனுக்கு அது போதவில்லை. 1910-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜுக்குப் போனார். ஆர்கான், நியான் போன்ற வாயுக்களைக் கண்டுபிடித்த வில்லியம் ராம்சே அங்கேதான் இருந்தார். 1913-ல் பி.எஸ்சி. முடிந்தது. அதற்குள் ராம்சேயின் இடத்துக்கு ஃபிரெடரிக் டோனன் வந்திருந்தார். டோனன் இளைஞர் ஹெய்ரோவ்ஸ்கியிடம் கொடுத்த வேலை, அலுமினியத்தின் மின்முனை அழுத்தத்தை அளப்பது.

கேட்கச் சின்ன வேலை மாதிரி இருக்கும். செய்ய முடியவில்லை. காற்றோ தண்ணீரோ பட்டவுடனே அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் படிந்துவிடும். அளப்பது உலோகத்தையா, மேலே இருக்கும் படலத்தையா என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் வரும். அப்போது டோனன் ஒரு யோசனை சொன்னார். அலுமினியத்தைக் கொஞ்சமாகப் பாதரசத்தில் கரைத்து, அதை மெல்லிய கண்ணாடிக் குழாய் வழியாகச் சொட்ட விடலாம். ஒவ்வொரு சொட்டும் புதுசு; அதன் மேற்பரப்பும் புதுசு. அழுக்கு படிய நேரமே இருக்காது.

இந்த யோசனையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

1914-ல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தார் ஹெய்ரோவ்ஸ்கி. முதல் உலகப் போர் தொடங்கிவிட்டது. லண்டன் திரும்ப வழியில்லை. ராணுவத்தில் சேர்க்கப்பட்டு, ராணுவ மருத்துவமனைகளில் மருந்து கலப்பவராகவும் எக்ஸ்ரே எடுப்பவராகவும் வேலை பார்த்தார். கிடைத்த நேரத்தில் ஆய்வேட்டை எழுதினார்.

ஒரு வாய்மொழித் தேர்வு

1918 செப்டம்பரில் ப்ராக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. இயற்பியல் பேராசிரியர் போஹுமில் குச்செரா கேள்வி கேட்டார். அவருக்கு ஒரு பழைய புதிர் உறுத்திக்கொண்டே இருந்தது. பாதரசத்துக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அதன் மேற்பரப்பு இழுவிசை மாறும். இதைச் சொட்டுகளின் எடையை வைத்து குச்செரா அளந்தபோது, மற்ற முறைகளில் வராத சில விசித்திர வளைவுகள் அவருக்கு வந்தன. ஏன் என்று தெரியவில்லை. சொட்டும் மின்முனையோடு லண்டனில் மல்லுக்கட்டிவிட்டு வந்த ஒரு மாணவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். விட்டுவிடுவாரா? தேர்வு முடிந்ததும், இந்தப் புதிரை நீயே எடுத்துக்கொள் என்று கொடுத்துவிட்டார்.

அடுத்த மாதமே, 1918 அக்டோபர் 28-ல், செக்கோஸ்லோவாகியா தனி நாடானது.

அடுத்த சில வருஷங்கள் ஹெய்ரோவ்ஸ்கி செய்த வேலையை நினைத்தாலே கொட்டாவி வரும். வோல்டேஜைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். விழும் பாதரசச் சொட்டுகளை எண்ணிப் பிடிக்க வேண்டும். கழுவி, உலர்த்தி, எடை போட வேண்டும். மறுபடி வோல்டேஜைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். புதிரைக் கொடுத்த குச்செரா 1921-லேயே இறந்துவிட்டார். அதன் விடை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

1922 பிப்ரவரி 10

எடை போட்டுப் போட்டு அலுத்த ஒரு கட்டத்தில் ஹெய்ரோவ்ஸ்கி கேள்வியை மாற்றினார். சொட்டின் எடையை விடு. சொட்டின் வழியாக எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்று பார்ப்போம். 1922 பிப்ரவரி 10 அன்று, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் பாதரசத்தைச் சொட்டவிட்டு, கால்வனோமீட்டரை இணைத்து, வோல்டேஜைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் மின்னோட்டத்தைக் குறித்தார். வரைபடத் தாளில் புள்ளிகளைச் சேர்த்தபோது படிக்கட்டு மாதிரி ஒரு கோடு வந்தது.

படிக்கட்டு ஏன் வருகிறது? தாமிரத்தையே எடுத்துக்கொள்வோம். கரைசலில் தாமிர அயனிகள் மிதக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு எலெக்ட்ரான் குறை. பாதரசச் சொட்டில் வோல்டேஜ் குறைவாக இருக்கும்வரை ஒன்றும் நடக்காது. கோடு தரையோடு தரையாகப் போகும். ஒரு குறிப்பிட்ட வோல்டேஜ் வந்ததும், சொட்டைத் தொடும் ஒவ்வொரு அயனியும் இரண்டு எலெக்ட்ரானை வாங்கிக்கொண்டு உலோகத் தாமிரமாகி, பாதரசத்துக்குள்ளேயே கரைந்துவிடும். கோடு சரசரவென ஏறும். அப்புறம் வோல்டேஜை எவ்வளவு ஏற்றினாலும் மின்னோட்டம் ஏறாது. ஏனென்றால் சொட்டின் பக்கத்தில் இருந்த அயனிகள் தீர்ந்துவிட்டன. தூரத்தில் இருப்பவை மெதுவாக நகர்ந்து வர வேண்டும். ரேஷன் கடையில் எத்தனை கவுன்டர் திறந்தாலும், தெருமுனையிலிருந்து ஆள் வருகிற வேகத்தில்தான் சரக்கு போகும் இல்லையா, அதுபோல.

படி எந்த வோல்டேஜில் ஏறுகிறது என்பது, வந்திருப்பது எந்த உலோகம் என்று சொல்லும். படி எவ்வளவு உயரம் என்பது, அது எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். ஒரே கோட்டில் பெயரும் கிடைக்கிறது, அளவும் கிடைக்கிறது. தாமிரம், ஈயம், காட்மியம், துத்தநாகம் நான்கும் ஒரே கரைசலில் கலந்து கிடந்தாலும் நான்கு படிகள் தனித்தனியாகத் தெரியும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாகக் கரைந்திருக்கும் தாமிரம்கூடத் தெரிந்துவிடும். 1920களில் இது சாதாரண விஷயம் இல்லை.

இதற்குப் பாதரசம் ஏன் தேவை? ரெண்டு காரணம். ஒன்று, டோனன் சொன்னதுதான்: சில விநாடிக்கு ஒரு புதுச் சொட்டு, அதனால் பழைய அழுக்கின் ஞாபகம் மின்முனைக்கு இருக்காது. இன்னொன்று, பிளாட்டினம் போன்ற உலோகங்களில் வோல்டேஜை ஏற்றினால் சீக்கிரமே தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் குமிழி கிளம்பி எல்லாவற்றையும் குழப்பிவிடும். பாதரசத்தின் மேல் ஹைட்ரஜன் அவ்வளவு லேசில் கிளம்பாது. அதனால் நிறைய உலோகங்களைப் பார்க்கும் அளவுக்கு இடம் கிடைக்கிறது.

புள்ளி புள்ளியாகக் குறித்து ஒரு கோடு வரையவே நிறைய நேரம் பிடித்தது. ஜப்பானிலிருந்து ப்ராகுக்கு வந்த விவசாய வேதியியலாளர் மசுசோ ஷிகாட்டாவோடு சேர்ந்து அதற்கும் வழி கண்டார் ஹெய்ரோவ்ஸ்கி. வோல்டேஜ் ஏற ஏற ஓர் உருளை சுழலும். அதில் புகைப்படத் தாள் சுற்றியிருக்கும். கால்வனோமீட்டரின் சின்னக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளிப்புள்ளி அந்தத் தாளில் தானாகவே கோடு போடும். ஒவ்வொரு சொட்டும் வளர்ந்து விழுவதால் கோட்டில் ரம்பப் பல் மாதிரி சின்னச் சின்ன நடுக்கம் இருக்கும். 1925-ல் வெளியான இந்தக் கருவிக்கு போலரோகிராஃப் என்று பெயர். ஆளே இல்லாமல் தானாக அளந்து தானாகப் பதிவுசெய்த முதல் ஆய்வகக் கருவிகளில் இதுவும் ஒன்று. அதே காலத்தில் ஷிகாட்டா நைட்ரோபென்சீன் என்ற கரிமப் பொருளையும் சொட்டில் வைத்து அளந்து காட்டினார். உலோகங்களுக்கு மட்டும் என்று இருந்த படிக்கட்டில் கரிம மூலக்கூறுகளும் ஏற ஆரம்பித்தன.

அழுக்கு சொன்ன சேதி

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தது இனிமேல் வருவதுதான்.

படிக்கட்டு எப்போதும் ஒழுங்காக வரவில்லை. சில சமயம் கோடு சரசரவென ஏறி, இருக்க வேண்டிய உயரத்தைத் தாண்டி ஒரு கூம்பு மாதிரி எகிறி, அப்புறம் திடீரென்று விழும். இந்தக் கூம்பை வைத்துக்கொண்டு அளவு சொன்னால் தப்பாகிவிடும். குச்செராவை உறுத்திய பழைய விசித்திரத்துக்குப் பின்னாலும் இதே மின்னோட்டக் குழப்பம்தான் இருந்தது. சொட்டின் மேற்பரப்பில் இழுவிசை எல்லா இடத்திலும் சமமாக இல்லாதபோது, பாதரசத்தின் தோலே நகர்கிறது. அது பக்கத்தில் உள்ள கரைசலையும் சேர்த்துக் கலக்கிவிடுகிறது. தானாக மெதுவாக வந்துசேர வேண்டிய அயனிகள் இந்தச் சுழலில் கும்பலாக வந்து மோதுகின்றன. மின்னோட்டம் எகிறுகிறது.

ஆனால் கரைசலில் துளியூண்டு ஜெலட்டினோ ஒரு சாயமோ போட்டால் கூம்பு காணாமல் போய்விடும். பருப்பு வேகும்போது பொங்கி வழியாமல் இருக்க ஒரு சொட்டு எண்ணெய் விடுவோம் இல்லையா? கிட்டத்தட்ட அதே மாதிரி வேலை. பெரிய கரிம மூலக்கூறுகள் பாதரசத்தின் பரப்பில் போய் ஒட்டிக்கொண்டு, அதன் தோலை நகரவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. சுழல் நிற்கிறது. தாமிரத்தின் படி நேராக வருகிறது.

எவ்வளவு போட வேண்டும் என்பதில் கவனம் வேண்டும். நூற்றில் ஒரு சதவீதத்துக்குக் கீழே ஜெலட்டின் இருந்தாலே வேலை முடிந்துவிடும். கூடிப்போனால் அது சொட்டையே போர்த்திக்கொண்டு, தாமிர அயனிகள் உள்ளே வருவதையும் தடுக்கும், படியே குட்டையாகிவிடும்.

வேறு ஆளாக இருந்தால் ஜெலட்டினைப் போட்டோமா, அளந்தோமா என்று போயிருப்பார். ஹெய்ரோவ்ஸ்கி இதைத் திருப்பிப் போட்டார். கூம்பு எவ்வளவு அடங்குகிறது என்பதை வைத்து, கரைசலில் கரிம அழுக்கு எவ்வளவு இருக்கிறது என்று சொல்லலாமே? தண்ணீர் எவ்வளவு சுத்தம் என்பதை இப்படிச் சோதிக்க முடிந்தது. தொந்தரவாக வந்ததே அளவுகோலாகிவிட்டது.

இந்த ஒட்டிக்கொள்ளும் விவகாரத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கரிம மூலக்கூறுகள் எந்த வோல்டேஜிலும் ஒட்டிக்கொண்டே இருப்பதில்லை. பரப்பில் மின்னூட்டம் அவ்வளவாக இல்லாத இடைப்பட்ட வோல்டேஜில் சௌகரியமாகப் படுத்துக்கொள்கின்றன. மின்னூட்டம் ரொம்ப ஏறினால், தண்ணீர் மூலக்கூறுகளும் அயனிகளும் முண்டியடித்து வந்து அவற்றைத் தள்ளிவிடுகின்றன. ஆக, மின்முனையின் பரப்பு என்பது வெறும் சுவர் இல்லை. பஸ் சீட்டு மாதிரி. யார் உட்காருவது, யார் எழுந்திருப்பது என்ற போட்டி அங்கே நடந்துகொண்டே இருக்கிறது.

தாமிரம் யாரோடு வந்திருக்கிறது?

இப்போது ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வரலாம். தாமிர அயனியை டார்டரேட்டோ சிட்ரேட்டோ பிடித்துக்கொண்டிருந்தால் படிக்கட்டில் என்ன தெரியும்?

படி நகரும். பிடியில் இருக்கும் தாமிரத்தை அந்த மூலக்கூறிடமிருந்து பிரித்து எலெக்ட்ரான் கொடுக்க, கூடுதலாக இழுக்க வேண்டும். அதனால் படி இன்னும் எதிர்மறையான வோல்டேஜில்தான் வரும். எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை வைத்து, பிடி எவ்வளவு இறுக்கம் என்று கணக்குப் போட்டுவிடலாம். அந்தப் பிடியை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. கோட்டில் அளந்துவிடலாம்.

பள்ளியில் பெனடிக்ட் கரைசலை வைத்துச் சர்க்கரைச் சோதனை செய்திருப்பீர்கள். அந்த நீலக் கரைசலில் தாமிரத்தை அடியில் படியவிடாமல் பிடித்து வைத்திருப்பது சிட்ரேட்தான். ஃபெலிங் கரைசலில் அதே வேலையைச் செய்வது டார்டரேட், அதாவது நம் புளிச் சரக்கு. புரதத்தோடு காரமும் தாமிர சல்பேட்டும் சேர்த்தால் ஊதா நிறம் வரும் பையூரெட் சோதனையிலும் தாமிரம் புரதச் சங்கிலியின் பிடிக்குள் போகிறது.

அம்மோனியா விஷயம் இன்னும் சுவாரசியம். சாதாரணமாகத் தாமிரம் இரண்டு எலெக்ட்ரானையும் ஒரே படியில் வாங்கிவிடும். அம்மோனியா இருக்கும் கரைசலில் ஒரு படி இரண்டாகப் பிரிகிறது. இரண்டும் ஒரே உயரம். கலோமல் மின்முனையைப் பூஜ்யமாக வைத்து அளந்தால், முதல் படி மைனஸ் கால் வோல்ட்டை ஒட்டி வரும், இரண்டாவது மைனஸ் அரை வோல்ட்டை ஒட்டி வரும். காரணம், ஒரு எலெக்ட்ரான் வாங்கிய பாதி வழித் தாமிரத்தை அம்மோனியா தாங்கிப் பிடித்து நிறுத்திவிடுகிறது. பிரிடின் என்ற கரிம மூலக்கூறும் இதே வேலையைச் செய்யும். தாமிரம் எங்கே நின்று மூச்சு வாங்குகிறது என்பதுகூட அது யாரோடு வந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

படியின் உயரத்துக்கான துல்லியமான சமன்பாட்டை 1934-ல் ஹெய்ரோவ்ஸ்கியின் ஸ்லோவாக் சீடர் டியோனிஸ் இல்கோவிச் கொடுத்தார். இன்னொரு சீடர் ருடால்ஃப் ப்ர்டிச்கா வேறு திசையில் போனார். கோபால்ட் அயனிகளும் அம்மோனியாவும் இருக்கும் கரைசலில் கொஞ்சம் ரத்தச் சீரம் விட்டால், கோட்டில் ஒரு விசேஷ அலை கிளம்புவதைப் பார்த்தார். சீரத்தின் புரதங்களில் இருக்கும் கந்தகக் குழுக்கள் உலோகத்தோடு சேர்ந்து மின்முனையின் பரப்பில் செய்யும் வேலை அது. 1937-ல் இதை வைத்துப் புற்றுநோயைக் கண்டறியலாம் என்று எழுதினார். பெரிய நம்பிக்கை கிளம்பியது. பிறகுதான் தெரிந்தது, வேறு நோய்களிலும், சாதாரண அழற்சியிலும்கூட இந்த அலை மாறுகிறது என்று. புற்றுநோய்ச் சோதனையாக அது நிலைக்கவில்லை. ஆனால் தாமிரம், துத்தநாகம், காட்மியம் ஆகியவற்றை உடலில் பிடித்து வைக்கும் மெட்டலோதயோனின் என்ற புரதத்தை அளக்க ப்ர்டிச்காவின் முறையை ஆய்வாளர்கள் பின்னாளில் பயன்படுத்திக்கொண்டார்கள்.

குறி தவறிய இடம்

ஹெய்ரோவ்ஸ்கிக்குத் தோல்வியே கிடையாதா? உண்டு. 1925-ல், அப்போது தேடப்பட்டுக்கொண்டிருந்த 75-வது தனிமத்தை மாங்கனீசு உப்புகளில் கண்டுபிடித்துவிட்டதாக அவரும் இயற்பியலாளர் வாட்ஸ்லாவ் டொலெய்ஷெக்கும் அறிவித்தார்கள். கோட்டில் தெரிந்த ஒரு சின்ன மேடுதான் ஆதாரம். டொலெய்ஷெக் எக்ஸ்ரே நிறமாலையையும் சேர்த்துப் பார்த்தார். அது நிற்கவில்லை. ரெனியம் என்று இன்று அழைக்கப்படும் அந்தத் தனிமத்தைக் கண்டுபிடித்த பெருமை ஜெர்மனியின் நோடாக், டாக்கே, பெர்க் மூவருக்கும் போனது. மிக நுணுக்கமாக அளக்கும் கருவிக்கு இருக்கும் ஆபத்தே இதுதான்: அது அழுக்கையும் அதே நுணுக்கத்தோடு காட்டும்.

இதனால் அவர் துவண்டுபோகவில்லை. 1926-ல் சார்லஸ் பல்கலைக்கழகத்தின் முதல் இயற்பிய வேதியியல் பேராசிரியரானார். அதே வருஷம் மரீயாவைத் திருமணம் செய்துகொண்டார். 1929-ல் எமில் வோட்டோச்செக்கோடு சேர்ந்து செக்கோஸ்லோவாகிய ஆய்வுகளை வெளிநாட்டு மொழிகளில் வெளியிடும் ஓர் இதழைத் தொடங்கினார். செக் மொழியில் மட்டும் எழுதினால் உலகம் படிக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1933-ல் அமெரிக்காவில் ஆறு மாதம் விரிவுரைகள். அமெரிக்கத் தொழிற்சாலை ஆய்வகங்கள் இந்த முறையைப் பிடித்துக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை.

பூட்டிய பல்கலைக்கழகம்

1939 மார்ச்சில் நாஜிப் படைகள் ப்ராகுக்குள் வந்தன. நவம்பர் 17 அன்று செக் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றையும் மூடினார்கள். ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றார்கள். ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்களை ஜாக்சன்ஹவுசன் முகாமுக்கு அனுப்பினார்கள். ஹெய்ரோவ்ஸ்கியின் ஆய்வுக்கூடம் ஜெர்மன் பல்கலைக்கழகத்தின் கைக்குப் போனது.

பொறுப்புக்கு வந்தவர் யோஹான் போம் என்ற ஜெர்மன் பேராசிரியர். நாஜிக் கொள்கை பிடிக்காதவர். ஹெய்ரோவ்ஸ்கி அதே ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து வேலை செய்ய அவர் விட்டுக்கொடுத்தார். வெளியே அத்தனை நடந்துகொண்டிருக்க, உள்ளே பாதரசம் சொட்டிக்கொண்டிருந்தது. போலரோகிராஃபி பற்றிய ஹெய்ரோவ்ஸ்கியின் பெரிய ஜெர்மன் நூல் 1941-ல் வியன்னாவில் வெளியானது. அமெரிக்காவில் கோல்தாஃப், லிங்கேன் இருவரும் இதே துறை பற்றி எழுதிய நூல் வந்ததும் அதே வருஷம்தான்.

டொலெய்ஷெக்குக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. எதிர்ப்பு இயக்கத்தோடு தொடர்பு என்று கெஸ்டாபோ அவரைப் பிடித்தது. 1945 ஜனவரியில், போர் முடிய நான்கு மாதம் இருக்கும்போது, டெரெசின் சிறையில் இறந்தார்.

நோபலுக்கு 37 வருஷம்

1950-ல் ப்ராகில் போலரோகிராஃபிக்கென்றே தனி நிறுவனம் உருவானது. அதன் இயக்குநர் ஹெய்ரோவ்ஸ்கி. நோபலுக்கு அவர் பெயர் 1930களிலிருந்தே பரிந்துரைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. வருஷங்கள் ஓடின, பரிசு வரவில்லை. கடைசியில் 1959-ல் வந்தபோது அவருக்கு வயது 68. அந்த முதல் கோட்டை வரைந்து 37 வருஷம் ஆகியிருந்தது. செக்கோஸ்லோவாகியக் குடிமகன் ஒருவர் பெற்ற முதல் நோபல் அது.

அதற்குள் அவர் வளர்த்தவர்களும் அவர் முறையைக் கற்றவர்களும் அவரைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்கள். ப்ராகில் அவரிடம் பயின்ற போலந்துக்காரர் விக்டர் கெமுலா, சொட்டை விழவிடாமல் தொங்கவிட்டு அளக்கும் முறையை 1950களின் பிற்பகுதியில் கொண்டுவந்தார். தொங்கும் சொட்டுக்குள் சில நிமிஷம் தாமிரத்தைச் சேர்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பிறகு வோல்டேஜைத் திருப்பி மொத்தத்தையும் ஒரே மூச்சில் வெளியே தள்ளினால், மிக மிகச் சிறிய அளவும் பெரிய மேடாகத் தெரியும். உண்டியலில் சில்லறை போட்டுவிட்டுக் கடைசியில் உடைத்து எண்ணுவது மாதிரி. 1958-ல் பிர்னோ நகரத்தில் எமில் பாலெச்செக் என்ற இளம் ஆய்வாளர், டி.என்.ஏ.வும் பாதரச மின்முனையில் தன் அடையாளத்தைக் காட்டும் என்று கண்டுபிடித்தார். அவர் பயன்படுத்தியதும் ஹெய்ரோவ்ஸ்கி வளர்த்தெடுத்த ஒரு முறையைத்தான்.

1967 மார்ச் 27 அன்று ஹெய்ரோவ்ஸ்கி காலமானார். இசையமைப்பாளர்கள் ஸ்மெட்டனாவும் துவோர்ஷாக்கும் இருக்கும் விஷெஹ்ராட் கல்லறைத் தோட்டத்தில் அவரும் அடக்கம் செய்யப்பட்டார். மகன் மிகயேலும் மின்வேதியியலாளர்தான்.

கடல் முதல் போன் வரை

அவர் போன பிறகுதான் தாமிரக் கேள்வி சூடுபிடித்தது. 1970களில் பாசிகளை வைத்துச் செய்த சோதனைகள், அவற்றைப் பாதிப்பது தனித் தாமிர அயனிதான், மொத்தத் தாமிரம் இல்லை என்று காட்டின. 1980களில் பாதரச மின்முனைகளைக் கொண்டு கடல்நீரை அளந்தபோது, மேற்பரப்புக் கடல்நீரில் உள்ள தாமிரத்தில் 99 சதவீதத்துக்கும் மேல் கரிம மூலக்கூறுகளின் பிடியில் இருப்பது தெரிந்தது. அந்தப் பிடி மட்டும் இல்லையென்றால் கடலின் நுண்பாசிகளில் பலவற்றுக்கு அந்தத் தண்ணீரே விஷம். அளந்த முறைகளில் ஒன்று ரொம்ப அழகானது. கடல்நீரில் நாமே ஒரு கரிம மூலக்கூறைச் சேர்க்க வேண்டும். அது கொஞ்சம் தாமிரத்தைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாதரசச் சொட்டின் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். அங்கே வைத்து எண்ணிவிடலாம். நாம் சேர்த்த மூலக்கூறும் கடலின் மூலக்கூறும் தாமிரத்துக்காகப் போட்டி போட, யார் ஜெயித்தார்கள் என்பதை வைத்துக் கடலின் பிடி எவ்வளவு பலம் என்று தெரிந்துவிடும். ஒரு காலத்தில் ஜெலட்டின் படிந்து தொல்லை கொடுத்த அதே பரப்பு, இங்கே ஆளைப் பிடிக்கும் வலை.

உங்கள் கையில் இருக்கும் போனுக்குள்ளும் இதே நாடகம் நடந்து முடிந்திருக்கிறது. சிப்புகளுக்குள் அலுமினியத்துக்குப் பதில் தாமிரக் கம்பிகள் என்று ஐ.பி.எம். 1997-ல் அறிவித்தது. முடியை விடப் பல மடங்கு மெல்லிய பள்ளங்களில் தாமிரத்தை மின்முலாம் மூலம் நிரப்ப வேண்டும். சும்மா செய்தால் பள்ளத்தின் வாய் முதலில் அடைத்துக்கொண்டு உள்ளே பொந்து விழும். அதனால் கரைசலில் சில கரிமப் பொருட்களைக் கலக்கிறார்கள். நீளச் சங்கிலி மூலக்கூறான பாலிஎதிலீன் கிளைக்கால், குளோரைடோடு சேர்ந்து பரப்பில் படிந்து தாமிரம் சேர்வதை மெதுவாக்கும். கந்தகம் உள்ள ஒரு சின்ன மூலக்கூறு, பள்ளத்தின் அடியில் சேர்ந்துகொண்டு அங்கே மட்டும் வேகமாக்கும். அடியிலிருந்து மேலே பள்ளம் நிரம்பும். தொட்டியில் இந்தப் பொருட்கள் சரியான அளவில் இருக்கின்றனவா என்று சோதிப்பதும் மின்முனையில் தாமிரத்தைப் படியவிட்டு, திரும்பக் கழற்றி, கோடு வரைந்துதான்.

பாதரசத்துக்கு மட்டும் காலம் மாறிவிட்டது. அதன் ஆவி நஞ்சு. பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா ஒப்பந்தம் 2013-ல் கையெழுத்தானது. ஆய்வகங்கள் பிஸ்மத், கார்பன் மின்முனைகளுக்கு மாறி வருகின்றன. ஆனால் சில விநாடிக்கு ஒருமுறை தானே புதிதாகப் பிறக்கும் மின்முனைக்குச் சரியான மாற்று இன்னும் வரவில்லை என்று சொல்லும் மின்வேதியியலாளர்கள் இருக்கிறார்கள்.

ப்ராகில் ஹெய்ரோவ்ஸ்கி பெயரில் இயற்பிய வேதியியல் நிறுவனம் இப்போதும் இயங்குகிறது. அது இருக்கும் தெருவின் பெயர் டொலெய்ஷ்கோவா. 75-வது தனிமத்தில் அவரோடு சேர்ந்து குறி தவறிய, டெரெசினிலிருந்து திரும்பி வராத அந்த நண்பரின் பெயர்.